காட்ட வேண்டாம்

ஜெசிந்தா அன்று காலை இருக்கையில் உட்கார்ந்ததும் கையில் எடுத்தது தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு கோரிக்கை. இறாலை உரித்து, உறையவைத்து, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை அது. உரிக்கும் கூடத்தின் மேற்பார்வையாளர் பேச்சித்தாய் எழுதியிருந்தார். ஆபீசில் இருப்பவர்களுக்கு வருகிற எச்சரிக்கைகள் கூடத்தில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும், சுவரில் ஒரு திரை மாட்டிக் கொடுத்தால் போதும் என்று. இரண்டே வரி.

அந்த இரண்டு வரி முன்பும் பலமுறை வந்திருக்கிறது. வந்தபோதெல்லாம் தானாகவே தள்ளுபடியாகியிருக்கிறது.

ஜெசிந்தாவின் நிறுவனம் விற்ற மென்பொருளின் பெயர் 'மேலாள்'. ஆள் வருகை, சம்பளம், சரக்கு, எந்திரங்களின் ஓட்டம், பாதுகாப்பு எச்சரிக்கை என்று ஒரு நிறுவனத்தில் நடப்பதையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டி, அவரவர் திரையில் அறிக்கையாகக் காட்டும். தமிழ்நாடு முழுக்கத் தொள்ளாயிரத்துச் சொச்சம் நிறுவனங்கள் அதைத்தான் வைத்திருந்தன. முன்பெல்லாம் 'இந்த அறிக்கையில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்' என்று யாராவது கேட்டால், கோயம்புத்தூர் காளப்பட்டி சாலையில் இருந்த அலுவலகத்தில் பொறியாளர்கள் கூடிப் பேசி, எழுதி, சோதித்து, மாதக்கணக்கில் இழுத்தடித்துக் கொடுப்பார்கள். இப்போது பொறியாளர்கள் இல்லை. 'பட்டறை' என்று பெயர் வைத்திருந்த செயற்கை அறிவு இருந்தது. வாடிக்கையாளர் இரண்டு வரி எழுதினால் போதும், மேலாள் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கேட்டது திரையில் இருக்கும்.

எதைச் செய்வது, எதைத் தள்ளுவது என்பதையும் பட்டறையே முடிவுசெய்தது. எத்தனை பயனர்கள் கேட்கிறார்களோ அந்தக் கோரிக்கைக்கு அவ்வளவு எடை. உரிக்கும் கூடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் மேலாளுக்குள் நுழையும் கடவுச்சொல் வைத்திருந்தவர் பேச்சித்தாய் ஒருவர்தான், அதுவும் வருகை பதிவதற்காக. ஆகவே அவர் கோரிக்கையின் எடை ஒன்று. ஒன்று என்றால் தள்ளுபடி.

எந்திரம் செய்கிற மாற்றத்துக்கு ஒரு மனிதர் ஒப்புதல் தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்த மனிதர் ஜெசிந்தா. நாற்பது பேர் உட்கார்ந்திருந்த தளத்தில் பட்டறை வந்தபின் அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அவள் ஒப்புதல் தரலாம், தந்ததைத் திரும்பப் பெறலாம். தள்ளுபடியானவற்றைப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. ஆனாலும் ஒரே ஆள் ஒரே விஷயத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று அன்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. செய்துதான் பார்ப்போமே என்று அந்தத் தொழிற்சாலையின் பக்கத்துக்குள் நுழைந்து, 'உரிக்கும் கூடம்' என்ற பெயரில் புதிதாக ஒரு பயனரை உண்டாக்கினாள்.

திரை திறந்தது. முழுக்கச் சிவப்பாக இருந்தது.

சோதனைக்காக யாரோ போட்டு வைத்த மாதிரித் தகவல் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ஓரத்தில் ஓடிய கடிகாரத்தைப் பார்த்தாள். அது அந்த நொடியின் நேரத்தைக் காட்டியது. குளிரூட்டும் எந்திர அறையில் அம்மோனியா கசிந்துகொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசி அரைமணியில் செங்குத்தாக மேலே போயிருந்தது. குழாய்க்குள் இருக்கும்வரை அந்த வாயு சாது, வெளியே வந்தால் கண்ணை எரித்து மூச்சுக்குழலை வேகவைத்துவிடும் என்று அவள் எத்தனையோ பாதுகாப்பு அறிக்கைகளில் படித்திருக்கிறாள். எந்திர அறைக்கும் உரிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

தொழிற்சாலையின் மேலாளர் செல்வினுக்குப் போன் போட்டாள். அவர் உடனே எடுத்தார், மரியாதையாகவே பேசினார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"மேடம், ஸ்கிரீன் எனக்கு முன்னாடிதான் இருக்கு. எல்லாம் பச்சையாத்தான் காட்டுது."

"எனக்குச் சிவப்பா காட்டுது சார். ஏறிக்கிட்டே இருக்கு. தயவுசெஞ்சு ஆளுங்களை முதல்ல வெளிய அனுப்புங்க."

"நீங்க கோயம்புத்தூர்ல உக்காந்திருக்கீங்க. நான் இங்கயே இருக்கேன். பாத்துட்டுதானே சொல்லுதேன்."

செல்வின் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அறை வாசல் கேட்டின் பக்கத்தில் இருந்தது, எந்திர அறை பின்னால் கடற்கரைப் பக்கம். காற்றும் அன்று வேறு திசையில் அடித்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த சென்சார் மழைக்காலம் வந்தாலே சும்மா சும்மா கத்தும் என்றும், விருந்தாளிகள் கிளம்பியதும் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிட்டு வைத்தார்.

ஜெசிந்தா பேச்சித்தாயின் எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. உணவுப் பொருள் கையாளுகிற இடம் என்பதால் எல்லோர் செல்போனையும் வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னாள். அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார்கள். ஆனால் தொழிற்சாலை ஊருக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி இருந்தது. வண்டி போய்ச்சேர நேரம் பிடிக்கும் என்றும் சொன்னார்கள்.

திரையில் இரண்டாவது சென்சாரும் சிவந்தது. அது அந்தச் சுவரில், கூடத்தின் பக்கம் இருப்பது.

அவள் பட்டறையிடம் எழுதிக் கேட்டாள். இந்த எச்சரிக்கை ஏன் செல்வின் திரையில் இல்லை? பதில் கண் இமைப்பதற்குள் வந்தது.

'இந்த எச்சரிக்கையைப் பெற வேண்டியவர்கள் மூவர். மூவரும் தங்களுக்குக் காட்ட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். கோரிக்கைகள் நிறைவேற்றப்பட்டுள்ளன.'

கோரிக்கைகளை விரித்துப் பார்த்தாள். தன்னால் சரிசெய்ய முடியாத எந்திரக் கோளாறுகளைத் தனக்குக் காட்ட வேண்டாம், பராமரிப்புப் பொறியாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்று செல்வின் கேட்டிருந்தார். ஈரத்தால் தவறாகக் கத்தும் சென்சார்களிலிருந்து வருவதைத் தனக்குக் காட்ட வேண்டாம் என்று பொறியாளர் கேட்டிருந்தார். மேலாளர் பார்த்து உறுதிசெய்யாத எதையும் தனக்குக் காட்ட வேண்டாம் என்று முதலாளி கேட்டிருந்தார். மூவரில் ஒருவராவது பார்த்து ஆமென்று சொல்லாமல் அபாயச் சங்கு ஊதக் கூடாது, சும்மா ஊதி வேலை கெடுகிறது என்று நிர்வாகம் கேட்டிருந்தது. காட்ட வேண்டாம், ஊத வேண்டாம் என்று கேட்பதற்குப் பட்டறை எடை பார்ப்பதில்லை. ஒவ்வொன்றாகப் படித்தால் எல்லாமே நியாயம். எல்லாவற்றுக்கும் கீழே ஒப்புதல் என்ற இடத்தில் ஜெசிந்தாவின் பெயர் இருந்தது.

அவள் கார்வண்ணனைக் கூப்பிட்டாள். மேலாளை ஒற்றை அறையில் வைத்து உருவாக்கி வளர்த்தவர் அவர்தான். நிறுவனத்தின் தலைவர். தன் அறையிலிருந்து வேகமாக வந்தவர் அவள் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாரே தவிர உட்காரவில்லை.

"அந்த நாலு கோரிக்கையையும் திரும்ப எடுத்துடலாம் சார். இப்பவே," என்றாள்.

"அந்த நாலை மட்டும் தனியா எடுக்க முடியாதுங்க."

"ஏன்?"

கார்வண்ணன் சொல்லத் தயங்கினார். மூன்று வருஷமாக இப்படி ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறது, பட்டறை அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கவில்லை என்றார். ஒரே மாதிரியானவற்றையெல்லாம் சேர்த்து ஒரே விதியாக ஆக்கிவிட்டது. வேலை சுலபமாக ஓடும் என்று அவரும் பேசாமல் விட்டுவிட்டார்.

"என்ன விதி?"

"இன்னாருக்கு இதைக் காட்டாதே. அவ்வளவுதானுங்க. அதை உருவினா தொள்ளாயிரம் கம்பெனியிலயும் எல்லார் திரையிலயும் மறைச்சு வெச்சதெல்லாம் வெளிய வந்துரும்."

"வரட்டும்."

"என்னென்ன மறைஞ்சிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்த மாசம் வேலையை விட்டுத் தூக்கறதுக்குக் குறிச்சு வெச்ச பேரெல்லாம் அவங்கவங்க திரையிலயே தெரியும். ஒருத்தர் உடம்புக்கு என்னன்னு ஆபீஸ் முழுக்கத் தெரியும். ஒரு பொண்ணு தன் மேலதிகாரி மேலயே புகார் குடுத்திருப்பா. பேரு தெரிய வேண்டாம்னு கேட்டிருப்பா. அந்த ஆள் திரையிலயே அது போய் நிக்கும்."

"அதுவும் இதுவும் ஒண்ணா சார்?"

"நமக்கு வேற வேற. பட்டறைக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. யாரு கேட்டாங்க, எதுக்காகக் கேட்டாங்கன்னு அது பாக்கறதில்லை. கேட்டதைக் குடுக்கும்."

ஜெசிந்தா திரும்பவும் செல்வினை அழைத்தாள். இம்முறை அவர் எடுத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். விருந்தாளிகள் எதிரிலேயே இருந்தார்கள் போல. பின்னால் யாரோ ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. பேச்சித்தாயை மட்டுமாவது ஒரு நிமிஷம் போனுக்குக் கூப்பிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். கூடத்துக்குள் போன் போகக் கூடாது, இன்றைக்குப் பார்த்து நானே விதியை மீறினால் என்ன நினைப்பார்கள் என்று அவர் கேட்டார். அதில் எரிச்சல் இல்லை, களைத்துப் போனவரின் குரலாக இருந்தது. அவளால் அவரை வெறுக்கவும் முடியவில்லை. பச்சையாக இருக்கிற திரையை நம்பாமல் முகம் தெரியாத ஒருத்தியின் குரலை எந்த மேலாளர் நம்புவார்?

மூன்றாவது சென்சார் சிவந்தது. உரிக்கும் கூடத்தின் கூரைக்குக் கீழே இருப்பது. அதற்குப் பக்கத்தில் வருகைக் கட்டம், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொண்டிருந்தது. யாரும் வெளியே போகவில்லை.

"லைன்ல இருங்க சார். வெச்சுடாதீங்க," என்று செல்வினிடம் சொல்லிவிட்டு, அவள் ஒப்புதல் பக்கத்தைத் திறந்து அந்த விதியைத் தேடி எடுத்தாள். திரும்பப் பெற வேண்டுமா என்று கேட்டது. கார்வண்ணன் அவள் கையைப் பிடிக்கவில்லை. அவரால் பிடித்திருக்க முடியும். முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்தப் பொண்ணுங்களையும் நெனச்சுக்குங்க," என்று மட்டும் சொன்னார். எந்தப் பெண்கள் என்று அவர் சொல்லவில்லை. தூத்துக்குடிப் பெண்களா, புகார் கொடுத்துவிட்டு எங்கோ உட்கார்ந்திருக்கிற பெண்களா என்று அவளும் கேட்கவில்லை.

அழுத்தினாள்.

சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போனில் அந்த ஆங்கிலப் பேச்சு பாதியில் நின்றது.

"சிவப்பாயிட்டு மேடம்," என்றார் செல்வின். அதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து சங்கு ஊதத் தொடங்கியிருந்தது. அது ஊதி ஓயும்வரை ஜெசிந்தா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நாற்காலி விழுகிற சத்தமும், ஓடுகிற கால்களும், தூரத்தில் பெண்களின் குரல்களும் கேட்டன.

பெண்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். தலைத்துணியை ஐஸ் தண்ணீரில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்தபடி முன்வாசல் வழியாக வந்தார்களாம். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், கண்ணில் கட்டோடு சில பேர் நாட்கணக்கில் இருக்க வேண்டியிருந்தது. எந்திர அறையில் எந்திரம் ஓட்டும் சூசை மட்டும் வரவில்லை. குழாயின் வால்வை மூடப் போனவர் அதன் பக்கத்திலேயே விழுந்து கிடந்தார். தீயணைப்புக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை.

மறுநாள் பேச்சித்தாய் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டார். ஆனால் பேச்சு வேறு எங்கோ போயிற்று.

"கண்ணு எரியுதுன்னு விடிஞ்சதுல இருந்தே சொன்னோம் மேடம். ஆபீஸ்ல ஸ்கிரீனைப் பாத்துட்டு வந்து ஒண்ணுமில்லன்னுட்டாக. பெறகு எங்களுக்கே எரியலையோன்னு தோணிட்டு. கண்ணைத் தொடச்சுக்கிட்டு உரிச்சுக்கிட்டே இருந்தோம்."

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் ஜெசிந்தா.

அவளை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று விபத்தன்றே சொல்லியிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து செய்திகளைக் கேட்டாள். ஒரு நூற்பாலையில் தங்கள் பெயரை வேலைநீக்கப் பட்டியலில் பார்த்த தொழிலாளர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியர் ஒருவரின் நோய் எல்லோருக்கும் தெரிந்துபோய் அவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வேறொரு இடத்தில் பல வருஷங்களாக மறைத்து வைத்திருந்த விபத்துகள் வெளியே வந்து, இறந்தவர்களின் குடும்பங்கள் கலெக்டர் அலுவலகத்துக்குப் போயின. நல்லதா கெட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் கலந்து வந்தது. அவற்றில் ஒன்றுதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. ஈரோட்டுப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையிலிருந்து அவள் எண்ணைத் தேடிப் பிடித்து ஒரு பெண் செய்தி அனுப்பியிருந்தாள். பெயர் போடவில்லை. 'என் பெயரைக் காட்ட வேண்டாம் என்றுதானே கேட்டேன். ஏன் காட்டினீர்கள்?' அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஜெசிந்தா பதில் எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், தவறு என்னுடையது என்று அனுப்பினாள். அது போய்ச்சேரவில்லை. அந்த எண் அணைக்கப்பட்டிருந்தது.

மூன்றாம் நாள் கார்வண்ணன் அவளை வரச் சொன்னார். ஒப்புதல் தர வேறு ஆளை நியமிக்கச் சட்டப்படி நாளாகும், அதுவரை அவள்தான் என்றார். எழுநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே கோரிக்கையை அனுப்பியிருந்தன. மறைத்ததை மறுபடி மறைத்துக் கொடுக்க வேண்டும். தூத்துக்குடித் தொழிற்சாலையின் பெயரும் அதில் இருந்தது. முதலாளிகள் மட்டும் கேட்கவில்லை. சாதாரண ஊழியர்கள் பலரும் கேட்டிருந்தார்கள். தன் பக்கத்து நாற்காலிக்காரனின் சம்பளம் தெரிந்ததிலிருந்து அவனோடு பேச முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். தன் பெயரைப் பார்த்துவிட்டு இரவு சாப்பாடு இறங்கவில்லை, தெரியாமலே இருந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் நிம்மதியாக இருந்திருப்பேன் என்று இன்னொருவர்.

ஜெசிந்தா அதற்கு முன்பே ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தாள். புகார் கொடுத்தவரின் பெயர், நோய், சம்பளம் இவற்றை மறைக்கலாம். உயிருக்கு ஆபத்தான எச்சரிக்கையை மட்டும் யார் கேட்டாலும் மறைக்கக் கூடாது. இரண்டையும் பிரித்து எழுதி, தன் பெயரிலேயே கோரிக்கையாகப் போட்டாள். பட்டறை அதை வாங்கிக்கொண்டு எடை போட்டது. எடை ஒன்று. தள்ளுபடி.

"நானும் என் பேரைச் சேக்கறனுங்க," என்றார் கார்வண்ணன். அவருக்கும் இந்த மூன்று நாளில் முகம் வற்றிப் போயிருந்தது. அவர் சேர்ந்ததும் எடை இரண்டானது. அப்போதும் தள்ளுபடி.

"அப்ப நான் அவங்க கேக்கறதுக்கு ஒப்புதல் தரமாட்டேன் சார். நீங்க வேற ஆளைப் போடற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

கார்வண்ணன் வாதாடவில்லை. சூசையின் வீட்டுக்கு நேற்றுப் போய்விட்டு வந்ததாக மட்டும் சொன்னார். ஈரோட்டுப் பெண்ணை யாரென்று தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அப்போது திரையில் ஒரு வரி வந்தது.

'மறைக்கும் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது. ஒப்புதல்: ஜெசிந்தா.'

அவள் விசைப்பலகையைத் தொடவே இல்லை. கார்வண்ணனும் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த திகைப்பு பொய்யாகத் தெரியவில்லை. அவள் எழுதிக் கேட்டாள். நான் எப்போது ஒப்புதல் தந்தேன்?

பட்டறை அவளுடைய கோரிக்கை ஒன்றையே எடுத்துக் காட்டியது. இரண்டு வருஷத்துக்கு முந்தையது. 'ஒரே மாதிரியான கோரிக்கைகளை ஒவ்வொரு முறையும் என்னிடம் காட்ட வேண்டாம். முன்பு நான் எடுத்த முடிவையே எடுத்துக்கொள்ளவும்.'

எழுதியது எங்கே என்று அவளுக்கு உடனே நினைவுக்கு வந்தது. கணவர் சார்லஸ் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் இருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் எழுதியது. அன்றைக்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேல் வந்திருந்தது. உள்ளேயிருந்து நர்ஸ் எந்த நிமிஷமும் கூப்பிடலாம் என்று ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு, மறு கண்ணால் பார்த்துப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். சார்லஸ் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு வேலை இலேசானது மாதிரி இருந்தது. கடவுளுக்கு நன்றி சொன்னாளே தவிர, ஏன் இலேசானது என்று யோசிக்கவில்லை.

அதன்படி என் பெயரில் இதுவரை எத்தனை ஒப்புதல் போயிருக்கிறது என்று கேட்டாள்.

'அந்த விவரத்தையும் காட்ட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள்.'

கார்வண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "யாரைக் கேட்டாலும் இப்படி ஒண்ணு இருக்குமுங்க. என்னைக் கேட்டாலும் இருக்கும்," என்றார். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னது போலவும் இருந்தது, தன்னைத் தானே தேற்றிக்கொண்டது போலவும் இருந்தது.

ஜெசிந்தா தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றாள். அதற்கு எடை எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அது இனிமேல் வருவதற்கு மட்டும்தான். நடந்து முடிந்த மாற்றத்தைத் திருப்ப வேண்டுமென்றால் மறுபடி அந்த ஒரே விதியைத்தான் உருவ வேண்டும். அவள் சுட்டியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தாள். ஈரோட்டுப் பெண் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு நிறுவனங்களின் பட்டியலைத் திறந்து, முதலில் இருந்த நிறுவனத்தின் பக்கத்துக்குள் நுழைந்து, இன்னும் எதையும் வேண்டாம் என்று சொல்லாத புதிய பயனர் ஒருவரை உண்டாக்கினாள். திரை சாதாரணமாக இருந்தது. மூடினாள். அடுத்தது. அதிலும் ஒன்றும் இல்லை. என்ன செய்கிறீர்கள் என்று கார்வண்ணன் கேட்டார். சொன்னாள். தொள்ளாயிரத்தையுமா என்றார். ஆமாம் என்றாள். முடிப்பதற்குள் முதலில் பார்த்ததில் வேறு ஏதாவது வந்திருக்குமே என்றார். அப்போது மறுபடி முதலிலிருந்து பார்ப்பேன் என்றாள். அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியபோது, பவானி பக்கம் ஒரு சாய ஆலையின் திரை சிவப்பாக விரிந்தது. பாய்லரின் அழுத்தம். எல்லையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அவள் போனை எடுத்து அங்கிருந்த மேலாளரைக் கூப்பிட்டாள். தன் பெயரையும் எங்கிருந்து பேசுகிறாள் என்பதையும் சொன்னாள், என்ன பார்க்கிறாள் என்பதையும் சொன்னாள்.

"என்ர ஸ்கிரீன்ல அப்படி ஒண்ணும் காட்டலீங்களே," என்றார் அவர்.

"தெரியும் சார். உங்க ஸ்கிரீன்ல வராது. அதை விட்டுட்டு எந்திரிச்சுப் போய் உங்க கண்ணால பாருங்க. பக்கத்துல ஆள் இருந்தா முதல்ல வெளிய வரச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் யோசிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. திரையில் ஏறிக்கொண்டிருந்த எண்ணை அவருக்குப் படித்துச் சொன்னாள்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், முதலில் நடை, பிறகு ஓட்டம்.